இலாய்சி போளைக் காத்த ரோலர்

சாலை முக்கால்வாசி வந்து சேர்ந்த பிறகு, அந்தச் சாலையைப் போடலாமா கூடாதா என்று மதிப்பிடுவதற்காக அதிகாரி வந்தார்.

இதில் தப்பு கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சாலை என்று ஒன்று இருந்தால்தானே அதனால் பழைய ஊருக்கு என்ன பாதிப்பு என்று அளக்க முடியும்? குஜராத்தில் கோட்டைச் சுவருக்குள் இருக்கிற எங்கள் பழைய நகரத்தில் இதுதான் முறை. முதலில் பள்ளம், பிறகு ஜல்லி, பிறகு அனுமதி. சாலையும் பாவம், இலாய்சி போளின் வாசல்வரை மரியாதையாக வந்து, மதிப்பீடு முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றது.

ஒரே பெரிய மரக்கதவுக்குள் நாற்பத்திரண்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் அதற்குப் போள் என்று பெயர். நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் நடுவே புறாக்களுக்குத் தானியம் போடுகிற மாடக்கம்பம். கதவைத் தாண்டியதும் முதல் வீடு சுமந்த்பாயினுடையது. சாலைக்கு இன்னும் எட்டடி அகலம் வேண்டும் என்றார்கள். அந்த எட்டடி, கணக்காக, சுமந்த்பாய் வீட்டின் முன்கூடம்.

முன்கூடத்தில் இருந்தது தாராபேனின் ஊஞ்சல். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா கொடுத்தது. பித்தளைச் சங்கிலி, சங்கிலியில் நெடுக யானையும் மயிலும். முப்பத்தெட்டு வருஷமாக, மதியச் சாப்பாடு முடிந்ததும் தாராபேன் அதில் ஒரு மணி நேரம் ஆடுவாள். அந்த நேரத்தில் பேச மாட்டாள், வீட்டு வேலை பார்க்க மாட்டாள், கதவு தட்டினால் திறக்க மாட்டாள். அந்த ஊஞ்சல் தொங்குகிற உத்தரத்தின் மேல்தான் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து சுமந்த்பாய்க்குச் சோறு இறங்கவில்லை. தாராபேன் அந்தக் குறிக்குக் கீழேயே வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கவலைப்படாதே. முப்பத்துநாலு வருஷம் ஆவணக் காப்பறையில குப்பை கொட்டியிருக்கேன். ஆபீஸ் எப்படி யோசிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் மனைவியிடம்.

"கேக்குறீங்களா" என்றாள் தாராபேன். அவள் கணவரை அழைப்பதே அப்படித்தான். "ஆபீஸ் யோசிக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அதிகாரியின் பெயர் மௌலிக். பாரம்பரியப் பகுதி அதிர்வு மதிப்பீட்டுப் பிரிவின் துணை மதிப்பீட்டாளர். நல்ல மனுஷன், நாற்பது வயதுக்குள், சட்டைப்பையில் மூன்று பேனா. கையில் ஒரு பெட்டி, நான்கடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் அளவுக்கு. அதுதான் அதிர்வுமானி. அதைச் சுமந்த்பாயின் முன்கூடத்தில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக வைத்தார்.

"விஷயம் ரொம்பச் சுலபம், சுமந்த்பாய். வெளியில ரோலர் ஓடும். பெட்டி அதிர்வை நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக்கும். மூணு நாள் அளப்போம், தினம் பதினோரு மணியிலருந்து பன்னெண்டு வரைக்கும். அதுல ரெண்டு நாள் அளவு மூணைத் தாண்டிச்சுன்னா, பாரம்பரியத்துக்கு ஆபத்து. சாலை விலகி உப்புச் சந்தை மைதானத்தைச் சுத்திப் போயிடும். தாண்டலைன்னா ஆபத்து இல்லை. சாலை உள்ள வரும்."

"நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குவீங்கதானே, சாஹேப்?"

"அது கூடாது. விதி ஏழு, உட்பிரிவு மூணு. அதிகாரியின் உடல் எடை அளவீட்டைப் பாதிக்கும் என்பதால், அளவீடு நடக்கும்போது அதிகாரி அவ்விடத்தில் இருத்தலாகாது."

"அப்போ எங்க இருப்பீங்க?"

"இரண்டு தெரு தள்ளிப் பாப்டா பலகாரக் கடை ஒண்ணு இருக்குதாமே" என்றார் மௌலிக், விதியில் அதுவும் எழுதியிருப்பதுபோல.

முதல் நாள் ரோலர் ஓடியது. எட்டு டன். ஓட்டியவர் மங்காபாய், செம்மஞ்சள் நிற மேல்சட்டை, முறுக்கு மீசை. போள் முழுக்கச் சுமந்த்பாயின் வீட்டு வாசலில் கூடி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுவர் அசையவில்லை. பன்னிரண்டு மணிக்கு மௌலிக் உதட்டில் ஒட்டிய கடலைமாவைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார்.

"பூஜ்யம் புள்ளி ஆறு."

"மூணுக்கா?" என்று கேட்டாள் ரஸிலாபேன். எதிர்வீட்டுக்காரி. நவராத்திரியில் கர்பா ஆட்டத்தின் வட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். அவள் ஒரு கைதட்டு தட்டினால் புறாக்கள் மாடத்தை விட்டுப் பறந்துவிடும்.

"ஆமா. பிரமாதமான கட்டடம், சுமந்த்பாய். செங்கல்லுக்கு நடுவுல மரச்சட்டம் கொடுத்துக் கட்டியிருக்காங்க. எவ்வளவு அதிர்ச்சி வந்தாலும் வாங்கிக்குது. வாழ்த்துகள்."

மௌலிக் போனதும் போள் துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. நூற்றைம்பது வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சுவரை இப்போது எல்லோரும் முறைத்துப் பார்த்தார்கள்.

"பூகம்பத்துக்கே அசையலையே இது, ரோலருக்கா அசையும்" என்றார் ஒருவர்.

"உங்க கொள்ளுத்தாத்தா கொஞ்சம் மட்டமா கட்டியிருக்கக் கூடாதா, சுமந்த்பாய்? ஊர்ல எல்லாரும் அப்படித்தானே கட்டுறாங்க" என்றார் இன்னொருவர்.

தாராபேன் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "வீடு நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறார். அதுக்கு இத்தனை பேர் உக்காந்து அழறீங்க."

சுமந்த்பாய் மட்டும் அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வருஷ அனுபவம் அவருக்குள் மெல்ல எழுந்து சோம்பல் முறித்தது.

"ஆபீசுக்கு ரோலர் தெரியாது, சுவர் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். எண் மூணைத் தாண்டணும், அவ்வளவுதானே? அதை ரோலர்தான் தாண்ட வைக்கணும்னு பெட்டிக்கு என்ன தெரியும்? ரஸிலாபேன், உங்க ஆளுங்க எத்தனை பேர் வருவாங்க?"

ரஸிலாபேனுக்கு உடனே புரிந்துவிட்டது. "கர்பாவா? நவராத்திரிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, மோட்டாபாய்" என்றாள். பெரியண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒத்திகைன்னு வச்சுக்குங்க. பதினோரு மணிக்கு. முற்றத்துல வேண்டாம், என் முன்கூடத்துலயே. பெட்டியைச் சுத்தி."

"செருப்போடவா, வெறுங்காலோடவா?"

"வெறுங்கால்தான். பாரம்பரியம் பாருங்க" என்றார் சுமந்த்பாய்.

மறுநாள் பதினோரு மணிக்கு மங்காபாய் ரோலரைக் கிளப்பினார். மௌலிக் பாப்டா கடைக்குக் கிளம்பினார். பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு டோல் மேளம் முழங்கியது. பதினெட்டுப் பெண்கள், கைதட்டி, குனிந்து நிமிர்ந்து, ஒரே காலாக மிதித்தார்கள். இரண்டு தெரு தள்ளி மௌலிக்குக்கும் டோல் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் டோல் சத்தம் கேட்டால் ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எங்காவது கல்யாணம் இருக்கும். அவர் இன்னொரு நூறு கிராம் ஜிலேபி சொன்னார்.

ஆனால் எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. டோல் கேட்ட பிறகு எவனாலும் உட்கார்ந்திருக்க முடியாது. வட்டம் இரண்டாம் சுற்று வருவதற்குள் போளிலிருந்த ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். செம்மஞ்சள் மேல்சட்டையோடு யாரோ ஒருவர் உள்ளே வந்து, சுமந்த்பாய்க்குப் பின்னாலேயே வட்டத்தில் நுழைந்தார். என்ன ஒரு தட்டு, என்ன ஒரு திருப்பம். சுமந்த்பாய் அவரைத் திரும்பிப் பார்த்து, "சபாஷ் பாய், யார் வீட்டு மாப்பிள்ளை?" என்று கேட்டார். டோல் சத்தத்தில் வந்தவருக்குக் காதில் விழவில்லை. சிரித்துவிட்டு இன்னும் ஓங்கி மிதித்தார்.

வெளியில் ரோலர் சத்தம் நின்றுபோயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சத்தத்தில் வானமே நின்றுபோயிருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அன்றைய அளவு நான்கு புள்ளி ஏழு.

மூன்றாம் நாள் கேட்கவே வேண்டாம். பக்கத்துப் போளில் கட்டிக்கொடுத்த மகள்களையெல்லாம் வரவழைத்துவிட்டாள் ரஸிலாபேன். முன்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஊஞ்சலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, தாராபேன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினாள். மத்தியானம் ஆடப்போகிற ஊஞ்சலுக்காக அவள் காலையில் தரையில் ஆடினாள். அத்தனை பேரிலும் அவள் மிதித்த மிதிதான் பலமாக விழுந்தது என்று பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். செம்மஞ்சள் சட்டைக்காரர் அன்றைக்கும் வந்திருந்தார். நேற்றைவிடப் பிரமாதம்.

ஒன்பது புள்ளி மூன்று.

மௌலிக் எண்ணைப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்பக் கவலைக்கிடமா இருக்கு, சுமந்த்பாய். அறிக்கை ஒரு மாசத்துல வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் போள் முழுக்கக் கமன் பலகாரம் செய்து பகிர்ந்து சாப்பிட்டார்கள். சுமந்த்பாய் அந்த மாதம் முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். காய்கறிக்காரிகூட அவரைச் சாஹேப் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு மாதம் கழித்து, புறா மாடத்தின் அடியில் நாற்காலி போட்டு, மௌலிக் அறிக்கையை வாசித்தார். கூடவே மங்காபாயையும் அழைத்து வந்திருந்தார். செம்மஞ்சள் மேல்சட்டையைப் பார்த்ததும் சுமந்த்பாய், "அட, மாப்பிள்ளை" என்றார். பிறகு அந்தச் சட்டையின் முதுகில் சாலைப்பணி என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். கைகுலுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான பட்டியலைப் பாத்ததில்லை" என்று ஆரம்பித்தார் மௌலிக். "பெட்டி எழுதின நேரத்தையும் மங்காபாயோட ரோலர் குறிப்பேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ரோலர் ஓடிக்கிட்டிருந்தப்போ அளவு பூஜ்யம் புள்ளி ஆறு. இரண்டாம் நாள் பதினொண்ணு பத்துக்கு ரோலர் நிக்குது. அளவு நாலு புள்ளி ஏழு. மூணாம் நாளும் நிக்குது. ஒன்பது புள்ளி மூணு. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ரோலர் மறுபடி கிளம்புது. உடனே பூஜ்யம் புள்ளி ஆறு."

"ரோலர் ஏன் நின்னுச்சாம்?" என்று மெதுவாகக் கேட்டார் சுமந்த்பாய்.

"காரணம் எழுதியிருக்கு. வயித்து உபாதை."

"ரெண்டு நாளும் முக்கால் மணி நேரமா?"

"அது அவருடைய தனிப்பட்ட விஷயம்" என்றார் மௌலிக். மங்காபாய் மீசையைத் தடவிக்கொண்டு புறாக்களைப் பார்த்தார்.

மௌலிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, நின்றபடியே வாசித்தார்: "மேற்படி அளவீடுகளிலிருந்து ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுவது யாதெனில், சாலைப் பணி நடைபெறும்போது இலாய்சி போள் அமைதியாக உள்ளது, சாலைப் பணி நிறுத்தப்படும்போது அபாயகரமாக அதிர்கிறது. ஆகவே சாலைப் பணியானது பாரம்பரியத்தைப் பாதிக்கவில்லை என்பதோடு, அதைப் பாதுகாத்தும் வருகிறது. இப்பாதுகாப்பு இடையறாது வழங்கப்பட வேண்டும்."

"அப்படீன்னா?" என்றாள் ரஸிலாபேன்.

"ரோலர் இனிமே நிக்கவே கூடாது. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் போள் வாசல்ல ஓடிக்கிட்டே இருக்கணும். அது ஓடறதுக்கு ஒரு சாலை வேணும். திரும்பறதுக்கு ஒரு எட்டடி வேணும்."

எட்டடி எது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் முதல் வீட்டுக்குப் போயிற்று. தாராபேன் வாசலில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுமந்த்பாயால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயதில் புறாக்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டார். அடக்கிக்கொண்டவர், முப்பத்துநாலு வருஷத்தில் ஒருதரம்கூடச் செய்யாத காரியத்தைச் செய்தார். ஓர் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னார்.

"சாஹேப், அந்த ஒன்பது புள்ளி மூணு நாங்க ஆடினது. கர்பா. பெட்டியைச் சுத்தி. இந்த மங்காபாயும்தான் ஆடினார்."

மௌலிக் அறிக்கையை மூடினார். சுற்றிலும் பார்த்துவிட்டு, சுமந்த்பாயை மாடத்தின் மறுபக்கம் அழைத்துப்போனார். போளில் மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. எல்லோரும் கூடவே போனார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மௌலிக், உண்மையான அக்கறையோடு. "அது நீங்கன்னு நான் எழுதினா, படிவம் பதினாலு போட்டாகணும். மூணுக்கு மேல அதிர்வு உண்டாக்குற எதுவும் பாரம்பரியப் பகுதிக்குள்ள இருக்கக் கூடாது. எந்திரமா இருந்தா ஓரமா நிறுத்திடலாம். மனுஷங்களா இருந்தா காலி பண்ணணும். வெளிவட்டச் சாலைப் பக்கம் அடுக்குமாடி கட்டி வச்சிருக்காங்க. நாப்பத்திரண்டு குடும்பமும் அங்க போகணும்."

"நாங்க இல்லாம என்னய்யா பாரம்பரியம்?" என்றாள் ரஸிலாபேன்.

மௌலிக் பின்னிணைப்பைப் புரட்டினார். "கட்டடம் நாப்பத்திரண்டு. செதுக்கின மரத்தூண் நூத்திப் பதினாறு. புறா மாடம் ஒண்ணு. பெரிய கதவு ஒண்ணு, கீல் ரெண்டு. இதுதான் பட்டியல். ஆளுங்க இதுல இல்லையே, ரஸிலாபேன்."

"புறா?"

"புறாவும் இல்லை. மாடம் மட்டும்தான்."

பிறகு மௌலிக்கே வழி சொன்னார். நல்ல மனுஷன் என்று நான் முதலிலேயே சொன்னேன். "யாரும் ஆடலைன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்துடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ரோலர் மட்டும்தான் வரும். நீங்க இங்கயே இருக்கலாம்."

வாசகத்தைச் சுமந்த்பாய்தான் எழுதினார். அந்தக் கையெழுத்து அழகு வேறு யாருக்கும் கிடையாது. 'இலாய்சி போளில் வசிக்கும் நாங்கள், எங்கள் முன்னோர் காலம் முதல் இன்றுவரை, எச்சந்தர்ப்பத்திலும் கர்பா ஆடியதில்லை என்றும், அவ்வாட்டம் இன்னதென்றே அறியோம் என்றும், இதனால் உறுதி கூறுகிறோம்.'

குஜராத்தில் பிறந்து வளர்ந்த நாற்பத்திரண்டு குடும்பம் அதில் கையெழுத்துப் போட்டது. ரஸிலாபேன் பேனாவை வாங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போட்டாள். சாட்சிக் கையெழுத்து மங்காபாய். தாராபேன் கடைசியாக வந்து போட்டாள். "நான் மிதிச்ச மிதிக்குத்தானே இது" என்று மட்டும் சொன்னாள்.

பதினைந்து நாளில் முன்கூடம் போயிற்று. ஊஞ்சலைப் பின்கட்டில், சமையலறையை ஒட்டித் தொங்கவிட்டார்கள். அங்கே காலை நீட்ட இடமில்லை. தாராபேன் பத்து நாள் கணவரோடு பேசவில்லை. வாசலில் மங்காபாய் எட்டு டன் ரோலரைக் காலை முதல் மாலை வரை முன்னும் பின்னும் ஓட்டினார். இப்போது அவருடைய பதவி பாரம்பரியப் பாதுகாவலர், முதல் நிலை. பூகம்பத்துக்கு அசையாத சுவரில் மூன்றாம் வாரம் ஒரு விரிசல் விட்டது. சுமந்த்பாய் அதன் மேல் நாள்காட்டியை மாட்டினார். அளவீடுதான் முடிந்துவிட்டதே, இனி அதை யாரிடம் காட்டுவது?

நவராத்திரி வந்தது. போள் மக்கள் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து கையை மட்டும் தட்டினார்கள். ஆட்டம் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ரஸிலாபேனின் கால் மட்டும் சேலைக்குள் தானாகத் துடித்தது. அதை அவள் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு முன்பே, ஊஞ்சல் இடம் மாறிய பதினோராம் நாள், யாரும் தொடாமலே பின்கட்டில் அது ஆடுவதைத் தாராபேன் பார்த்தாள். ரோலர் முன்னே போகும்போது ஊஞ்சல் முன்னே, பின்னே வரும்போது பின்னே. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். "கேக்குறீங்களா" என்று பத்து நாளில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள். "இனிமே காலால உந்த வேண்டியதில்லை."

இது வெளியில் பரவியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய ஊரைச் சுற்றிப் பார்ப்பது அப்போது பெரிய நாகரிகம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிறவர்கள், தானே ஆடும் ஊஞ்சலைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். வாசலில் துறையின் பித்தளைப் பலகை ஏறியது: ரோலர் பாதுகாப்புப் பெற்ற முதல் பாரம்பரியக் குடியிருப்பு. சுமந்த்பாய் தினமும் காலையில் அதைப் புளி போட்டுத் துலக்கினார். முன்கூடம் போன துக்கம் அவருக்குப் போகவில்லை. ஆனால் பலகை துலக்கும்போது கொஞ்சம் குறைந்ததென்று சொல்லலாம்.

ஒருநாள் அடுத்த தெரு லிம்டா போளிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அதற்கு முந்தின வாரம்வரை இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்.

"எங்க போள் உங்க போளைவிட அறுபது வருஷம் பழசு, சுமந்த்பாய். எங்களுக்கு ரோலர் இல்லைன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? பொண்ணு பாக்க வர்றவங்ககூட ரோலர் உண்டான்னு கேக்குறாங்க. ஒரு மனு எழுதிக் கொடுங்க."

சுமந்த்பாய் எழுதிக் கொடுத்தார். எழுதாமல் இருக்க அவருக்குத் தெரியாது. இரண்டே மாதத்தில் லிம்டா போளுக்கு ரோலர் வந்தது. வாசலில் இரண்டு வீடு போயிற்று, அதற்கு மேளம் வைத்து விழா எடுத்தார்கள். சுமந்த்பாயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய அழகான கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கோணியது ரோலராலா கோபத்தாலா என்று சொல்ல முடியாது.

"என்ன ஆச்சு?" என்றாள் தாராபேன், ஆடிக்கொண்டே.

"அவங்களுக்குப் பன்னெண்டு டன்" என்றார் சுமந்த்பாய். "நமக்கு எட்டு. முதல் போள் நாம, முன்கூடத்தைக் கொடுத்தது நாம, எட்டே எட்டு."

எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தார்: "எங்கள் போளின் முதன்மையையும் தியாகத்தையும் கருத்திற்கொண்டு, குறைந்தபட்சம் பதினைந்து டன் எடையுள்ள ரோலர் ஒன்றினை வழங்கி எங்கள் மானத்தைக் காக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்."

ஊஞ்சல் முன்னே போனது, பின்னே வந்தது. நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"கையெழுத்துக்கு எடம் விட்டீங்களா?" என்றாள் தாராபேன்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

மறுநாள் மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டுவிட்டது. ரஸிலாபேன் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"பதினஞ்சு போதுமா, மோட்டாபாய்?" என்று கேட்டாள்.